காதால் பார்த்த படம்

வளரும் கலைஞர் என்றால் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டுமாம். அதற்கு மேல் வளரக் கூடாது போலிருக்கிறது. அறிவிப்பில் அப்படித்தான் போட்டிருந்தார்கள்: பரிசோதனைத் திரைப்படம், வீடியோ ஆகியவற்றில் இயங்கும், இதே ஊரில் வசிக்கும், முப்பத்தைந்து நிறையாத கலைஞர்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு. தேர்வாகும் ஒருவருக்குக் கலை நிலையத்தில் ஆறு மாதத்துக்கு ஓர் அறை, நல்ல கேமரா, எடிட்டிங்குக்குப் புதுக் கணினி, பெரிய அரங்கில் ஒரு திரையிடல். எனக்கு அப்போது முப்பத்துநான்கு வயது பத்து மாதம். வாழ்க்கையில் எல்லா பஸ்ஸையும் ஓடிப் பிடித்தே ஏறியவள் நான். இதை மட்டும் விடுவேனா?

உள்ளூர்க்காரிதான் என்று நிரூபிக்க மின்கட்டண ரசீது கேட்டார்கள். ரசீது அக்கா பேரில் இருந்தது. வாடகை ஒப்பந்தமும் அவள் பேரில்தான். என் வேலையை நம்பி எந்த வீட்டுக்காரர் சாவி கொடுப்பார்? ஆக, நான் இந்த ஊர்க்காரி என்பதற்கு அக்கா சாட்சி. நான் கலைஞர் என்பதற்கு அனுப்பிய படமும் அக்காவைப் பற்றியதுதான். எல்லாம் அவள் போட்ட பிச்சை. இதைச் சொல்ல இப்போது வாய் வருகிறது. அப்போது வரவில்லை.

நான் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் எடிட்டர். கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, கம்பெனிக்காரர்கள் புது ஆட்களுக்குப் போட்டுக் காட்டும் தீயணைப்புப் பயிற்சி, எது வந்தாலும் வெட்டி ஒட்டி அனுப்ப வேண்டும். முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். காலையில் செருப்பைக் கழற்றும்போதே “அவசரம்மா, அவசரம்” என்றுதான் ஆரம்பிப்பார். மனிதர் கெட்டவர் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். நான் பரிசோதனைப் படம் எடுக்கிறேன் என்று கேள்விப்பட்டதும், “பரிசோதனையா? ரத்தமா, சளியா?” என்று கேட்டார். பக்கத்து நாற்காலிகள் ஒரு வாரம் சிரித்தன. பன்னிரண்டு வருடமாக அந்த அறையில் உட்கார்ந்து யார் யாருடைய சந்தோஷத்தையோ வரிசைப்படுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் சொந்தப் படங்கள் மூன்று கணினிக்குள்ளேயே கிடந்தன. பார்த்தவர்கள் மொத்தம் நான்கு பேர். அதில் ஒருவர் பாதியில் தூங்கிவிட்டார். அந்த ஆறு மாதம் எனக்கு வேண்டும். அது கிடைக்காவிட்டால் நாற்பது வயதிலும் மணமகள் சிரிப்பதை மெதுவாக ஓட்டிக்கொண்டிருப்பேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. பொய்ப்பற்களை ராவி, தேய்த்து, பளபளப்பாக்கி அனுப்புவாள். ராவும் மோட்டார் போடும் இரைச்சலில் கூட வேலை செய்பவர்கள் காதில் பஞ்சு அடைத்துக்கொள்வார்கள். அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. “உங்களுக்கெல்லாம் பஞ்சு தேவைப்படுது பாவம்” என்று என்னிடம் அவர்களைக் கிண்டல் செய்வாள். அக்கா சொன்னாள் என்று நான் எழுதும் இடத்திலெல்லாம் கையால் சொன்னாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எங்கள் பேச்சு முழுக்கக் கையால்தான். நான் வாய்க்குள் எதையாவது முணுமுணுத்தாலும் உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுவாள். அந்த வீட்டில் அவளுக்குத் தெரியாமல் ஒருத்தரையும் திட்ட முடியாது.

நான் எடுத்த படம் பதினோரு நிமிடம். கூடத்தில் அவளுடைய மேசைக்கு முன்னால் கேமராவை நிறுத்தி ஒரே ஷாட். சுற்றிலும் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருக்கும். அக்கா கேமராவைப் பார்த்துப் பேசுவாள். அவ்வளவுதான். சப்டைட்டில் கிடையாது, அது என் முடிவு. முப்பத்தேழு வருடமாக அவள் எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பதினோரு நிமிடம் நீங்கள் அவள் கையைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள், புரியாவிட்டால் போங்கள் என்று ஒரு வீம்பு.

“சப்டைட்டில் போடேன். நான் என்ன சொல்றேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று அக்கா கேட்டாள்.

“தெரியாமலே பார்க்கட்டும். உனக்காகத்தான் சொல்றேன்.”

“எனக்காகவா? சரி, நீ பெரிய ஆளு” என்று விட்டுவிட்டாள்.

படத்தில் அவள் சொன்னது இதுதான். ஏழு வயதில் அவளைச் சேர்த்த பள்ளிக்கூடத்தில், கையை ஆட்டினால் வாயில் பேச்சு வராது என்று விரல் கணுவில் ஸ்கேலால் அடிப்பார்கள். வீட்டிலும் கண்டிப்பாக இருங்கள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். அம்மா ஒரு துண்டை எடுத்து அவள் இரண்டு கையையும் முதுகுப் பக்கம் சேர்த்துக் கட்டுவாள். தினமும், பள்ளி விட்டு வந்ததிலிருந்து சாப்பாட்டு நேரம் வரைக்கும். காவலுக்கு நான். எனக்கு நான்கு வயது. படுத்த பிறகு அக்கா போர்வைக்குள் விரலை ஆட்டினால் ஓடிப்போய் அம்மாவிடம் கோள் சொல்வேன். சொன்னால் ஒரு பிஸ்கட் கிடைக்கும்.

இதுவரை எனக்கும் தெரிந்த கதை. தெரியாதது கடைசி ஐந்து நிமிடம். மூன்று வருடத்துக்கு முன் அம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்கள். பேச்சு போய்விட்டது. பகலெல்லாம் அக்காதான் கூட இருந்தாள். அம்மா முதல் தடவையாகக் கையை ஆட்டி எதையோ கேட்டாளாம். அந்த ஒரு வாரத்தில் அக்கா அவளுக்கு ஏழு வார்த்தை சொல்லிக் கொடுத்தாளாம். தண்ணீர், வலி, போதும், லைட், பயம், தூக்கம். ஏழாவது, சின்னவள். அது நான்.

“இன்னும் ஒரு வார்த்தை வேணும்னு அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மன்னிப்பு. அதுதான் கேக்கறாங்கன்னு எனக்குப் புரிஞ்சுது. நான் சொல்லிக் கொடுக்கல” என்று சொல்லிவிட்டு அக்கா கையை மடியில் வைத்துக்கொள்வாள். படம் அங்கே முடியும். கேமராவுக்குப் பின்னால் நின்று நான் அழுதேன். கூடப்பிறந்த என்னிடம் மூன்று வருடம் சொல்லாததை அவள் லென்ஸிடம் சொல்லியிருந்தாள்.

கேமராவை மடக்கும்போது அக்கா என் தோளைத் தட்டினாள். “இதை நான் ஒரு தடவைதான் சொல்லுவேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்லாதே. எங்க ஸ்கூல் செட்டு இதைப் பார்க்கணும். அவங்க கையையும் கட்டினாங்க. பெரிய திரையில, காது கேக்கறவங்க நடுவுல உட்கார்ந்து அவங்க பார்க்கணும். அதுக்குத்தான் சொன்னேன்.”

“நிச்சயமா பார்ப்பாங்க” என்றேன்.

விண்ணப்பத்தின் கடைசி நாள், மதியம் இரண்டு மணி வரைதான் நேரம். நிலையத்தின் இணையப் பக்கம் பெரிய கோப்பை விழுங்க மறுத்தது. ஸ்டுடியோவின் பழைய கணினியில் படத்தின் அளவைக் குறைக்கப் போட்டேன். அவசரம் என் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு வரவேற்பு வீடியோவுக்காகக் குதித்துக்கொண்டிருந்தார். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வெளியே போகும் வீடியோவை யாரும் முழுதாகக் கண்ணால் பார்ப்பதில்லை. வெட்டி ஒட்டும்போதே நூறு தடவை பார்த்துச் சலித்திருப்போம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை ஓடவிடுவோம், கண்ணும் கையும் அடுத்த வேலையில் இருக்கும். ‘சத்தம் கடைசி வரைக்கும் ஓடினா படமும் ஓடும்’ என்பது ஸ்டுடியோவில் வேதவாக்கு. பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அது பொய்யானதில்லை. என் காதில் மோட்டார்ச் சத்தம் பதினோரு நிமிடமும் ஒழுங்காக ஓடி நின்றது. ஒன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

ஐந்து வாரம் கழித்து நிலையத்திலிருந்து போன் வந்தது. ஒருமனதாகத் தேர்வாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்காவிடம் ஓடினேன். கூடத்தில் அவளுடைய மேசைக்கு எதிரே நின்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவள் பல்லைப் பிடித்த கையோடு எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். முதுகெல்லாம் வெள்ளைத் தூள். “என் தங்கச்சி! என் தங்கச்சி!” என்று கூட இருந்தவர்களுக்கெல்லாம் சைகை காட்டினாள். அவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் அப்போது புரிந்திருக்கும்.

மறுநாள் தேர்வுக்குழுவின் குறிப்பு மின்னஞ்சலில் வந்தது. ‘ஒன்றே முக்கால் நிமிடத்தில் அந்தப் பெண்ணின் முகம் உறைகிறது. உயர்த்திய கைகள் அந்தரத்தில் நிற்கின்றன. ஒன்பது நிமிடங்களுக்கு மேல் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும். பேச முடியாத ஒருத்தியின் மௌனத்தை இவ்வளவு துணிச்சலாக யாரும் காட்டியதில்லை.’

வேறு யாருடைய குறிப்பையோ மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அனுப்பிய கோப்பைத் திறந்தேன். ஒன்றே முக்கால் நிமிடம் வரை அக்கா பேசினாள். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி முடித்து, அடுத்த வாக்கியத்துக்குக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அளவைக் குறைக்கும்போது படம் அங்கே சிக்கிக்கொண்டிருக்கிறது. சத்தம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

பாவி, என் அக்காவின் படத்தை நான் காதால் பார்த்து அனுப்பியிருக்கிறேன். உலகத்தில் எந்தப் படத்தை வேண்டுமானாலும் அப்படிச் சரிபார்க்கலாம், இந்த ஒரு படத்தைத் தவிர. அவள் பேச்சு முழுக்கப் போய்விட்டது, ஒருத்தருக்கும் அது தெரியவில்லை. சப்டைட்டில் போட்டிருந்தாலாவது கீழே எழுத்து ஓடி, ‘என்னடா இது, படம் நிற்கிறதே’ என்று சொல்லியிருக்கும். அதுவும் என் வீம்பால் போயிற்று.

அசல் படத்தை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். பொறுப்பாளர் ஐம்பதைத் தாண்டியவர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். வெள்ளைச் சுவர், தொட்டிச் செடி, காகிதமே இல்லாத மேசை. நாற்காலியை அவரே இழுத்துப் போட்டு, காபி சொன்னார். இவ்வளவு மரியாதையை நான் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை. நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, ஹெட்போன் உட்பட. அதை மட்டும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் அசல் படத்தை நான்கு நிமிடம் பார்த்தார். நடுவில் ஒரு போன் பேசினார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வேற படம்மா” என்றார். “இதுல அவங்க என்னமோ சொல்லிக்கிட்டே இருக்காங்க. நமக்குப் புரியல. சப்டைட்டில் போட்டா டாக்குமெண்டரி ஆயிடும். அந்த மாதிரி படம் எங்களுக்கு நாப்பது வந்துச்சு. நீங்க அனுப்பினது ஒண்ணுதான் எங்களை உலுக்குச்சு.”

“சார், அது மெஷின் பண்ண தப்பு.”

“இருக்கட்டுமே. கலையில பாதி விபத்துதான். மீதிப் பாதி, அந்த விபத்தை ‘ஆமா, என்னுதுதான்’னு சொல்ற தைரியம்.” சிரித்தார். “நீங்க ரொம்ப நேர்மையா இருக்கீங்க. அதனால நானும் நேர்மையா சொல்லிடறேன். தேர்வானது அந்தப் படம். மாத்தணும்னா தேர்வு ரத்து. அடுத்த இடத்துல ஒரு பையன் காத்துக்கிட்டிருக்கான், வயசு இருபத்தாறு. அவனுக்கு இன்னும் எத்தனையோ வாய்ப்பு வரும். உங்களுக்கு இதுதான் கடைசி வருஷம், இல்லையா? சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சொல்லிடுங்க. முழுப் படத்தை அந்த ஆறு மாசத்துல இங்கேயே உட்கார்ந்து நிதானமா பண்ணுங்களேன். யார் வேணாம்னாங்க?”

வெளியே படியில் உட்கார்ந்தேன். மணி மூன்று. அவர் என்னை ஏமாற்றவில்லை, மிரட்டவும் இல்லை. ஒரு வழியும் காட்டியிருந்தார். இப்போது இதைக் காட்டுவோம், ஆறு மாதத்துக்குள் முழுதையும் காட்டுவோம், அக்கா கேட்டால் புரிந்துகொள்வாள், அவள் என் அக்கா. இப்படியே எனக்கு நானே வக்கீல் வைத்து, நானே நீதிபதியாகி, நானே விடுதலையும் செய்துகொண்டேன். நான்கரை மணிக்கு உள்ளே போய், “சரி சார்” என்றேன். காபி ஆறிப்போயிருந்தது. அதையும் குடித்தேன்.

அக்காவிடம் சொல்லத்தான் வேண்டும் என்று வீட்டுக்கு வந்தேன். கையால் பேசுகிறவர்களுக்குப் பொய் சொல்ல வசதி கிடையாது. வாயால் சொன்னால் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு அரிசியைக் களைந்தபடி எதையாவது உளறிவிட்டுப் போகலாம். கையால் என்றால் கையில் இருப்பதைக் கீழே வைத்து, நேருக்கு நேர் நின்று, கண்ணைப் பார்த்தாக வேண்டும். அக்கா மேசை மேல் துணி விரித்துப் புதுச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“ஸ்கூல் செட்டு ஒன்பது பேர் வராங்க” என்றாள். “ஒருத்தி ஒரு நாள் பூரா பஸ்ல வரா. நான் ஸ்கேலால அடி வாங்கறப்ப பக்கத்துல நின்னு அடி வாங்கினவ. முன் வரிசை வேணும், சொல்லிவை.”

“சொல்றேன்.”

“அம்மா வர்ற இடம் பெரிய திரையில தெளிவா தெரியுமா? ஏழு வார்த்தையும்?”

நான் அவள் கண்ணைப் பார்த்தேன். “தெரியும்” என்று கையால் சொன்னேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எனக்கு ஒன்பது நாள் கிடைத்தது. அந்த ஒன்பது நாளும் அவள் இடுப்புக் குடத்துத் தண்ணீர் மாதிரி தளும்பிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு காலையும், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுவேன். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று படுப்பேன்.

திரையிடல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பழைய கிடங்கு ஒன்றுக்குக் கறுப்புச் சாயம் அடித்து அரங்காக்கியிருந்தார்கள். நூற்றிருபது நாற்காலி, எல்லாம் நிறைந்துவிட்டன. முன் வரிசையில் அக்காவும் அவளுடைய ஒன்பது பேரும். விளக்கு அணையும்வரை அந்த வரிசைதான் அரங்கிலேயே அதிகம் பேசிய வரிசை. பத்து ஜோடிக் கைகள். நடுவில் ஒரு நரைத்த மனிதர் ஏதோ ஜோக் சொல்ல, எல்லோரும் தொடையில் அடித்துச் சிரித்தார்கள். அவசரம்கூட வந்திருந்தார், குளித்துச் சட்டை மாற்றி. “நம்ம ஸ்டுடியோ பேரு எங்கயாவது வருதா?” என்று காதைக் கடித்தார்.

விளக்கு அணைந்தது. அக்கா திரை முழுக்க வந்தாள். தன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு, “என் ஸ்கூல் பேரு” என்று அந்தப் பெயருக்கு வந்தாள். முன் வரிசையில் பஸ்ஸில் வந்தவள் பக்கத்தில் இருந்தவர் முழங்காலை இறுகப் பிடித்தாள். திரையில் கை உயர்ந்தது. நின்றது.

பின்னால் இருந்தவர்களுக்கு மோட்டார்ச் சத்தம் இருந்தது. அவர்கள் அதில் எதையோ கேட்டுக்கொண்டு பக்தியாக உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசைக்கு அதுவும் இல்லை. அவர்களுக்கு அது ஒரு போட்டோ. ஒரு நிமிடம் பொறுத்தார்கள். பிறகு நரைத்த மனிதர் திரும்பி, புரொஜெக்டர் இருந்த ஜன்னலைப் பார்த்துக் கையை வீசினார். படம் நின்றுவிட்டது, பாருங்கள் என்று. இன்னும் இரண்டு பேர் எழுந்து நின்று வீசினார்கள். நிலையத்தின் தொண்டர் பெண் ஒருத்தி குனிந்து ஓடிவந்து, உதட்டில் விரல் வைத்து, “உஷ்ஷ்” என்றாள். அவர்களிடம் போய், உஷ்.

அக்கா எழுந்திருக்கவில்லை. திரும்பி என்னைத் தேடினாள். நான் இரண்டாவது வரிசை ஓரத்தில் இருந்தேன். திரை வெளிச்சத்தில் என் முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். ஏதோ கோளாறு, போய்ச் சரிசெய் என்று சொன்னாள். நான் திரையையே பார்த்தேன். மறுபடியும் சொன்னாள். நான் அசையவில்லை. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பிடரியைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குப் புரிந்துவிட்டது என்று. ஒன்பது நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று எடிட்டரான எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. பொறுப்பாளர் மேடைக்கு அழைத்தார். “ஏன் அந்த இடத்துல உறைய வெச்சீங்க?” என்று ஒருவர் கேட்டார். நான் தேர்வுக்குழுவின் குறிப்பையே திருப்பி ஒப்பித்தேன். மௌனம் என்றேன், துணிச்சல் என்றேன். வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது. “படத்தோட நாயகி நம்ம நடுவுலயே இருக்காங்க. அவங்களும் ரெண்டு வார்த்தை சொல்லட்டும். தங்கச்சியே மொழிபெயர்ப்பாங்க” என்று பொறுப்பாளர் அக்காவைக் கை காட்டினார்.

அக்கா ஏறி வந்தாள். இஸ்திரி போட்ட சட்டையின் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டாள். கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள், நிதானமாக, பெரிய பெரிய கையாக.

“நான் பதினோரு நிமிஷம் பேசினேன். நீங்க பார்த்தது நான் பேச ஆரம்பிச்ச இடம். எனக்குப் பேச முடியும். நான் மௌனமா இல்லை. மீதியை என் தங்கச்சி எங்க வெச்சிருக்கான்னு கேளுங்க. எங்க ஆளுங்க ஒன்பது பேர் வந்திருக்காங்க, அவங்களுக்குக் காட்டச் சொல்லுங்க.”

நூற்றுப்பத்து முகங்கள் என் பக்கம் திரும்பின. மைக் என் கையில் இருந்தது. அதை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டேன், உதடு தெரியாதபடி.

“எல்லாருக்கும் ரொம்ப நன்றி சொல்றாங்க” என்றேன். “தங்கச்சியை நினைச்சா பெருமையா இருக்குன்னு சொல்றாங்க.”

எத்தனை பேர் “ஆ...” என்று உருகினார்கள்! அக்கா கூட்டத்தின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பதைப் பார்த்தாள். ஒருத்தி கண்ணைத் துடைப்பதைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் வந்து, மைக் பிடித்திருந்த என் கையை மெதுவாக மார்பு வரை இறக்கினாள். என் வாயைப் பார்த்தாள். “இன்னொரு தடவை சொல்லு” என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆண்டவனே சாட்சி, நாக்கு நுனி வரை வந்தது. பொறுப்பாளர் பக்கத்தில் நின்று புன்னகைத்துக்கொண்டிருந்தார். அறைச் சாவியைக் கொடுக்க ஒரு சின்ன உறை அவர் கையில் தயாராக இருந்தது.

“நன்றி சொல்றாங்க” என்றேன். “பெருமையா இருக்குன்னு சொல்றாங்க.”

அவள் ஒவ்வொரு எழுத்தையும் என் உதட்டில் படித்தாள். தலையை ஆட்டினாள், சரி, புரிந்தது என்று. இறங்கிப் போனாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவர்கள் ஆட்கள் கைதட்டுவது வேறு மாதிரி, இரண்டு கையையும் உயரத் தூக்கி விரல்களை ஆட்டுவார்கள். அன்றைக்கு ஒன்பது பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. அறை நல்ல அறை. ஜன்னல் இருக்கிறது, கணினி சொன்னதைக் கேட்கிறது, யாரும் அவசரம் என்பதில்லை. அடுத்த படத்திலும் அந்த உறைநிலையைத் தொடரச் சொல்கிறார் பொறுப்பாளர். அது என் முத்திரையாம். முழுப் படத்தையும் திரையிட ஒரு நாள் கேட்டேன். பார்ப்போம் என்றார். சரி, இந்த அறையிலேயே போடலாம், உன் ஆட்களைக் கூப்பிடு என்று அக்காவிடம் கேட்டேன். அழுதுகொண்டேதான் கேட்டேன். அவள் பதில் சொன்னாள். ஆனால் கையால் இல்லை.

அந்தப் பள்ளிக்கூடம் எட்டு வருடம் அடித்துக் கற்றுக்கொடுத்த குரல் ஒன்று அவளிடம் இருக்கிறது. பள்ளியை விட்ட நாளோடு அதையும் விட்டிருந்தாள். கடைக்காரர்களிடம்கூட எழுதித்தான் காட்டுவாள். இப்போது என்னிடம் மட்டும் அந்தக் குரலில் பேசுகிறாள். தொண்டைக்குள்ளிருந்து பிடித்து இழுத்து, ஒவ்வொரு எழுத்தாக. மற்ற எல்லோரிடமும் கைதான். போனில் ஸ்கூல் செட்டோடு வீடியோவில் மணிக்கணக்காகக் கையாட்டிச் சிரிக்கிறாள். நான் உள்ளே வந்தால் கைகள் நின்றுவிடும்.

நேற்று வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துணியை வைத்துவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்துக்கொண்டாள்.

“சாப்... பா... டு... இருக்... கு” என்றாள்.